விழுகிறவர் பெயர்

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் யாரையாவது தூக்கிப் போட்டுக்கொண்டேதான் இருந்தார். எல்லாம் வாயால். சோற்றில் கை வைத்தால் போதும், மதுரைப் பயில்வான் ஒருவனை இடுப்பைப் பிடித்துச் சுழற்றி எறிந்த கதை ஆரம்பமாகிவிடும். ரசத்துக்கு வரும்போது அந்தப் பயில்வான் மல்லாந்து கிடப்பான். மோர் ஊற்றுவதற்குள் ஊரே இவரைத் தோளில் தூக்கிவிடும். வரப்பு வெட்டவும் மாட்டுக்குத் தீவனம் வைக்கவும் காட்டாத வேகத்தையெல்லாம் மனுஷன் அந்தக் கதையில் காட்டுவார்.

எங்கள் ஊர் கொல்லங்கோட்டில் அந்தக் காலத்தில் நஞ்சப்ப வாத்தியார் என்று ஒருவர் குஸ்தி சொல்லிக்கொடுத்தார். என் வீட்டுக்காரர் அவரிடம் படித்தவர். அதில் பொய் இல்லை. நான் இந்த வீட்டுக்கு வருவதற்குள் வாத்தியார் காலமாகிவிட்டார், அதனால் அவரை நான் பார்த்ததில்லை. "வாத்தியாருக்கு அடுத்தது நான்தான்" என்பார் இவர். வாத்தியார் எல்லாப் பிடிகளையும் பாடமாகச் செய்துகாட்டிய வீடியோ கேசட் ஒன்று இருந்ததாகவும், அது பூஞ்சை பிடித்துப் போய்விட்டதாகவும் சொல்வார். போனது போனதுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன தை மாதம் எங்கள் மகள் கிருத்திகா, எங்கள் கல்யாணக் கேசட் இரண்டையும் கோயமுத்தூரில் ஒரு கடையில் கொடுத்து, போனில் பார்க்கும்படி மாற்றிக்கொண்டு வந்தாள். பாகம் ஒன்றில் நான் குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். பாகம் இரண்டைப் போட்டால், தென்னந்தோப்பில் கச்சை கட்டிய இரண்டு ஆண்கள் நின்றார்கள். கல்யாண வீடியோவின் இரண்டாம் பாகத்தை உலகத்தில் எவரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில், குஸ்திக் கேசட்டை இவர் அந்தப் பெட்டிக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்.

ஆரம்பத்தில் கொஞ்சம்தான் பூஞ்சைக்குப் போயிருந்தது. மீதியெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நரைத்த மீசையோடு இருந்தவர் வாத்தியார். எதிரே ஒல்லியாக, தலை நிறைய முடியோடு என் வீட்டுக்காரர். "இது தோள்பிடி" என்றார் வாத்தியார். இவர் விழுந்தார். "இது காலிடறு" என்றார். இவர் விழுந்தார். "எதிராளி பின்னால வந்தா இப்படி" என்று வாத்தியார் சொல்லி முடிப்பதற்குள், பின்னால் வந்த இவர் முன்னால் வந்து விழுந்தார். படம் எடுத்தவர் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவருக்குத் தெரிந்த வித்தையெல்லாம் கல்யாண வித்தை. பின்னணியில் நாதஸ்வரம். இவர் மண்ணைக் கவ்வும்போதெல்லாம் சுற்றிலும் ரோஜாப்பூ மலர்ந்து, இவருடைய முகம் ஓர் இதயத்துக்குள் போய் மெல்லச் சுருங்கியது. முக்கால் மணி நேரமும் இதேதான். ஒரே ஒரு தடவைகூட இவர் யாரையும் தூக்கிப் போடவில்லை.

"ஏனுங்க, அந்த மதுரைப் பயில்வான் எப்ப வருவானுங்க?" என்று கேட்டேன்.

"பாடம்னா ஒருத்தர் உழுந்துதான் ஆகோணும். பின்னே வாத்தியாரையா உழுகச் சொல்றே?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். கிருத்திகா அதை யூடியூபில் ஏற்றிவிட்டாள். 'எங்கப்பா சென்னியப்பனின் குஸ்தி, கொல்லங்கோடு' என்று போட்டு, கீழே இவருடைய போன் நம்பரும் கொடுத்திருந்தாள். பெருமைக்குத்தான் செய்தாள், பாவம். மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் எல்லார் கையிலும் இவர் விழுந்துகொண்டிருந்தார். "சென்னியண்ணா, பால் கேனைப் பாத்துப் புடிங்க, உழுந்துறப் போறீங்க" என்றான் ஒருவன். இன்னொருவன் வாயாலேயே நாதஸ்வரம் வாசித்தான். இவர் பால் சொசைட்டிக்குப் போவதை நிறுத்தினார். கேனைத் தூக்கிக்கொண்டு நான் போனேன்.

சாப்பிடும்போது கதையும் நின்றுபோனது. வாய் திறக்காமல் சாப்பிட்டு, வாய் திறக்காமல் எழுந்துபோனார். முதலில் இரண்டு நாள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் எனக்கே சோறு இறங்கவில்லை. பொய்யோ மெய்யோ, அந்தப் பயில்வான் எங்கள் வீட்டில் ஓர் ஆளாக இருந்திருக்கிறான்.

ஒருநாள் இவருடைய போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அம்மா, இது சென்னியப்பன் ஆசான் வீடுதானா? நான் பீர்மேட்டுப் பக்கத்துலேருந்து சுவக்கீன் பேசுதேன். தேயிலை பாக்டரியில இருந்து ரிட்டயர் ஆனவன்."

"ஆமாங்க, அவரூடுதானுங்க. நான் அவரு சம்சாரமுங்க."

"மாதாவே! ஆசானோட சம்சாரமா? ஆசான் இருக்காவளா?"

"இருக்காருங்க. வரப்பு வெட்டப் போயிருக்காருங்க."

"இந்த வயசுலயா?" என்றது குரல்.

"ஏனுங்க, வயசுக்கு என்ன? காத்தால ரெண்டு மாட்டையும் கறந்துபோட்டுத்தான் போனாரு."

"ஏ கத்தரீனா! ஆசான் மாடு கறக்காவளாம்!" என்று அங்கே யாரிடமோ கத்தினார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். யூடியூபில் பார்த்துத்தான் நம்பர் எடுத்திருக்கிறார். அந்தக் கேசட்டின் பிரதி ஒன்று, எஸ்டேட் கிளப்புக்கு வாங்கிய சினிமாக் கேசட்டுகளோடு கலந்து மலைக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்தே அங்கே பையன்கள் குஸ்தி பழகியிருக்கிறார்கள். வருஷா வருஷம் மாதா கோயில் பெருநாளில் போட்டி. ஜெயிக்கிறவனுக்கு சென்னியப்பன் கோப்பை. இந்த வருஷம் உத்காடனத்துக்கு, அதாவது தொடங்கிவைக்க, ஆசானே வரவேண்டும் என்றார்.

இவரிடம் சொன்னபோது மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கோப்பைக்கு என்ன பேரு? வாயைத் தொறந்து சொல்லு" என்றார். புருஷன் பெயரை நான் எப்படிச் சொல்வது? போனை அழுத்தி அந்த மனிதரையே சொல்லவைத்தேன்.

பொள்ளாச்சி, பழனி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் போனோம். பழனி தாண்டியதும் மதுரைப் பயில்வான் மறுபடி வந்துவிட்டான். தேனி வருவதற்குள் இவர் அவனை இரண்டு தடவை தூக்கிப் போட்டார். பக்கத்து சீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பதில் அர்த்தமில்லை.

பீர்மேட்டில் ஜீப் வைத்திருந்தார்கள். தேயிலைக்கு நடுவே ஏறி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைத் தாண்டி, மாதா கோயில் மைதானத்தில் போய் நின்றது. செண்டை மேளம் முழங்கியது. மூங்கில் கட்டிய நாற்காலியோடு நாலு தடியன்கள் ஓடிவந்தார்கள். பின்னால் அறுபது வயதுக்காரர் ஒருவர் மாலையோடு வந்தார். அவர்தான் சுவக்கீன். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். சுவக்கீன் இவரை நகர்த்திவிட்டு ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆசான் எங்க?"

அப்புறம் இவருடைய முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "ஏலே, இது யாருன்னு பாருங்கலே! நம்ம நஞ்சப்பண்ணன்லா! விழுறவரு!" என்று இவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவினார். "எத்தன அடி வாங்கியிருப்பீய அண்ணே! இப்ப இடுப்பு எப்படி இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். எதிரில் இருந்த பெரிய பேனரைப் பார்த்து மூடிக்கொண்டேன். மீசையோடு வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஆள் உயர எழுத்தில் என் வீட்டுக்காரருடைய பெயர். மேஜையில் பித்தளைக் கோப்பை. அதில் வெட்டியிருந்ததும் இவருடைய பெயர்தான்.

"ஆசான் வரலியா அம்மா?" என்று சுவக்கீன் என்னிடம் கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கோப்பையைப் பார்த்தார். "வரலீங்க. ஒடம்புக்கு முடியலீங்க. இந்தம்மாவுக்குத் துணைக்கு என்னைய அனுப்பிச்சாருங்க" என்று கூசாமல் சொன்னார்.

அப்படித்தான் நான் மூங்கில் நாற்காலியில் ஏறினேன். மாலை எனக்கு விழுந்தது. செண்டைமேளம் முன்னால் போக, என் பையைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னால் வந்தார். பொய் சொல்லக்கூடாது, எனக்கு நன்றாகவே இருந்தது.

சுவக்கீனின் வீட்டில் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் போட்டார்கள். அவர் மனைவி கத்தரீனாள் எதிரில் நின்று பரிமாறியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆசானுக்குத் தொண்ணூறு இருக்கும்லாக்கா? உங்களுக்கு ஐம்பதைச் சுத்தித்தான் தெரியுது. வயசு வித்தியாசம் கொஞ்சம் கூடத்தான்" என்றாள். என்ன சொல்ல? "தெரியாம கட்டி வெச்சுட்டாங்க" என்றேன். அவள் ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தாள். அந்த நேரம் பார்த்து இவருடைய மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது. பழக்கதோஷம், என் முந்தானையால் துடைத்துவிட்டேன். கத்தரீனாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு அவளுடைய பார்வை என் மீதும் இவர் மீதும் மாறி மாறிப் போனது. கட்டின புருஷனோடு ஊருக்குப் போன இடத்தில் கெட்ட பெயர் எடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாப்பாடு முடிந்ததும் சுவக்கீன் அவர்களுடைய கேசட்டின் ஆரம்பத்தைப் போட்டுக்காட்டினார். எங்களுடையதில் பூஞ்சைக்குப் போன இடம். இதய வளைவுக்குக் கீழே இரண்டு பேரும் நின்றார்கள். வாத்தியாருக்குக் கீழே இவருடைய பெயர் வந்தது. இவருக்குக் கீழே வாத்தியாருடைய பெயர். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் கல்யாண வீடியோவைத் தை மாதம்தான் பார்த்திருந்தேன். தாலி கட்டும் வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம். தாலி ஏறிய பிறகு இடப்பக்கம் மாற்றி உட்காரவைப்பார்கள். அதற்காக, இரண்டையும் எடுத்த அதே வீடியோக்காரர் பெயர் வரும் சட்டத்தை இரண்டு விதமாகச் செய்து வைத்திருந்தார். வாத்தியாருக்கும் சிஷ்யனுக்கும் தாலிக்கு முந்தினதைப் போடுவதற்குப் பதில் பிந்தினதைப் போட்டுவிட்டார். வாத்தியார் பெண் வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

"சொல்லிரலாமுங்க" என்று இவர் காதில் சொன்னேன்.

"சும்மா இரு புள்ள. இங்க ஆருக்கு என்ன நட்டம்? கோப்பையை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன். சொசைட்டிக்காரனுங்க அதைப் பாக்கோணும். ஒரே ஒருக்கா பாக்கோணும்" என்றார். குரல் கெஞ்சியது. பால் கேனைத் தூக்கிக்கொண்டு நான் நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. சரி என்று தலையாட்டினேன்.

மைதானத்துக்குத் திரும்பியதும் கோப்பையை நாலு பக்கமும் திருப்பிப் படம் எடுத்தார். பின்னாலிருந்த பேனர் தெரியாமல் எடுக்க மிகவும் பாடுபட்டார். பால் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தார். மலையில் சிக்னல் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கோதாவில் மண்ணுக்குப் பதிலாக பாக்டரியில் கழித்துப்போட்ட தேயிலைத் தூளையும் மரத்தூளையும் கலந்து கொட்டியிருந்தார்கள். சுவக்கீனின் மகன் ரிஜின் மேடையில் மைக் பிடித்துப் பேசினான். நான் குத்துவிளக்கு ஏற்றினேன். முதல் ஜோடி இறங்கியது. பிடி எல்லாம் அச்சு அசலாகக் கேசட்டில் பார்த்ததுதான். ஒருவன் மற்றவனைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் மல்லாக்கப் போட்டான்.

"நஞ்சப்பன்!" என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது.

இவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

இரண்டாவது ஜோடியில் ஒருவன் விழுந்தான். "நஞ்சப்பன்! நஞ்சப்பன்!" சின்னக் குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தன. பக்கத்திலிருந்த கத்தரீனாள் எனக்கு விளக்கினாள்: "இங்க யாரு விழுந்தாலும் அப்படித்தான் அக்கா. போன மாசம் எங்க கோழிக்கூடு சரிஞ்சப்பக்கூட நஞ்சப்பன் ஆயிட்டுன்னுதான் சொன்னோம். பரீட்சையில தோத்த பயலுக்கும் அதே பேருதான்."

வாத்தியாருடைய பெயரை என் வீட்டுக்காரர் சொல்லி நான் கேட்டதே இல்லை. வேறு யாராவது வெறும் நஞ்சப்பன் என்றால்கூட, "வாத்தியாருன்னு சொல்லுங்க" என்று சண்டைக்குப் போவார். ஆயிரம் பொய் சொன்ன மனுஷன், அந்த ஒரு விஷயத்தில் ஒருநாளும் பிசகியதில்லை. இப்போது மூன்றாவதாக ஒருவன் விழுந்தான். கூட்டம் கத்தியது. இவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. சுற்றிக்கொண்டிருந்த போனை என் மடியில் போட்டார்.

"அந்தப் போட்டோவை அழிச்சுரு" என்றார்.

"ஏனுங்க, யோசிச்சுச் செய்ங்க. அப்பொறம் இந்த மலையில யாரு உழுந்தாலும்..."

"தெரியும் புள்ள" என்றார். போய்விட்டார்.

ரிஜினின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். சேவல் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நீங்க நெனைக்கற ஆளு நான் இல்லீங்க. நாந்தான் சென்னியப்பன். அந்தக் கேசட்டுல உழுகறவன். தூக்கிப் போடறவரு, இந்தப் படத்துல இருக்கறவரு, எங்க வாத்தியாருங்க. அவருதான்..." நிறுத்தினார். பேனரைப் பார்த்துக் கும்பிட்டார். "அவரு பேருதான் நஞ்சப்பன். வீடியோக்காரன் பேரை மாத்திப் போட்டுட்டான். அவரு முதுகுல மண்ணு பட்டு ஆரும் பாத்ததில்லீங்க. உழுந்தவனைக் கூப்புடறதுக்கு அவரு பேரு வேண்டாமுங்க."

ஓரத்தில் சிரிப்பு கிளம்பியது. சுவக்கீன் எழுந்து வந்து இவருடைய தோளில் கை வைத்தார். "நஞ்சப்பண்ணே, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. முப்பது வருஷமாத் தோத்துக்கிட்டே இருந்தா யாருக்கும் கொஞ்சம் பொறாம வரத்தான் செய்யும். அதுக்காக ஆசான் பேரையே எடுத்துக்கிடலாமா?"

உண்மையைச் சொன்னால் நம்பாத அளவுக்கு ஆகிவிட்டது. இவர் சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். சுவக்கீன் படித்தார். ரிஜின் படித்தான். போட்டோவைப் பார்த்து, இது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றான் அவன். நான் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மேடையில் ஏறினேன்.

"இவருதானுங்க என் வீட்டுக்காரரு. போன்ல மாடு கறக்கறாருன்னு சொன்னது இவரைத்தான். தொண்ணூறு வயசு ஆளு எனக்கு யாருமில்லீங்க."

"அப்பாடா!" என்றாள் கத்தரீனாள், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "மீசையத் தொடச்சப்பவே நெனச்சேன்!"

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சுவக்கீன் பேனரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். மனிதர் முகம் தொங்கிப்போனது. "அப்ப இவரு, நஞ்சப்பன் ஆசான், இப்ப இருக்காவளா?" என்றார்.

"இல்லீங்க. இதை எடுத்த வருசமே போயிட்டாரு" என்றார் இவர்.

சுவக்கீன் தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். படத்துக்கு நேராக நின்று சிலுவை போட்டுக்கொண்டார். யாரும் சொல்லாமலேயே மைதானம் எழுந்து நின்றது. கச்சையோடு நின்ற பையன்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோதாவின் ஓரத்தில் குனிந்து, தேயிலைத் தூளைத் தொட்டு நெற்றியில் வைத்தார். வாத்தியாரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

போட்டி நிற்கவில்லை. இவரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அடுத்த ஜோடி இறங்கியது. குட்டையாக இருந்தவன் நெட்டையனைக் காலிடறிச் சாய்த்தான். நெட்டையன் தூள் பறக்க மல்லாந்தான். கத்த வாயெடுத்த கூட்டம் பாதியில் நிறுத்தி, இவரைத் திரும்பிப் பார்த்தது. ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். அப்புறம், நடக்கட்டும் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"சென்னியப்பன்!" என்றது எங்கிருந்தோ ஒரு குழந்தை.

"சென்னியப்பன்! சென்னியப்பன்!" என்றது மலை முழுக்க.

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இவருடைய பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவேன். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, நாற்காலியின் மேல் ஏறி நின்று, தொண்டை கிழிய நானும் கத்தினேன். இவர் விருட்டென்று திரும்பினார்.

"என்ன புள்ள சொன்னே?"

"உங்களை இல்லீங்க. உழுந்த பையனைச் சொன்னேன்" என்றேன்.